எலானை 26ஆர் ஆக்குவது: சிங்கப்பூர் சாலைக்கு ஒரு பந்தயக் கார்

11 பிப்ரவரி 2024

வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: “லோட்டஸ் 23 கிட் (பாகங்களாக வரும் நகல் கார்) ஒன்றை இங்கிலாந்திலிருந்து இறக்கி, இங்கே பூட்டி, நம்பர் பிளேட் வாங்கி ஓட்டலாமே? அறுபதுகளில் தாம்சன் ரோடு பந்தயத்தில் ஜெயித்த கார். சிங்கப்பூருக்கு அதைவிடப் பொருத்தமான ட்ரிபியூட் (மரியாதை வண்டி) வேறு என்ன இருக்கிறது?”

பொருத்தம் என்பதில் மறுபேச்சே இல்லை. ஆனால் நம்பர் பிளேட் கிடைக்காது.

லோட்டஸ் 23 பந்தயத்துக்கென்றே பிறந்த வண்டி. குழாய்ச் சட்டம், அதன்மேல் ஃபைபர் கிளாஸ் உடம்பு, எஞ்சின் ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால். ரோட்டுக்கென்று அதில் எதுவுமே யோசிக்கப்படவில்லை. சிங்கப்பூரில் பழைய காரை இறக்குமதி செய்தால் மூன்று வயதுக்குள் இருக்கவேண்டும். இல்லையென்றால் கிளாசிக் திட்டத்தில் 35 வயதைக் கடந்திருக்கவேண்டும். போன மாதம் பூட்டிய கிட்டுக்கு வயது ஒரு மாதம்தான். அதைப் புது வண்டியாகப் பதிவதென்றால் யூரோ 6 புகைத் தரத்திலிருந்து ஆரம்பித்து இன்றைய கார் கம்பெனி காட்டவேண்டிய எல்லாவற்றையும் தனி ஆளாக நீங்கள் காட்டவேண்டும். 1962இல் வரைந்த ஒரு குழாய்ச் சட்டத்தை வைத்துக்கொண்டு அது முடிகிற காரியமா?

வேறு ஒரு வழி இருக்கிறது. 23 வந்த அதே 1962இல் லோட்டஸ் எலானும் வந்தது. அது ரோட்டுக் கார். இரண்டுக்கும் சொந்தம் லோட்டஸின் இரட்டை கேம் ஷாஃப்ட் எஞ்சின். எலானைப் பந்தயத்துக்காக மாற்றி 1964இல் லோட்டஸே விற்றது, அதன் பெயர் 26ஆர். ஆக, வயதான எலான் ஒன்றை எடுத்து 26ஆருக்கு ட்ரிபியூட்டாகச் செய்யலாம். சட்டப்படியும் முடியும், அர்த்தமும் இருக்கிறது. என்னிடம் இருப்பது 1967 எஸ்3 (மூன்றாம் வரிசை) எலான். அதில்தான் இந்த வேலை நடந்துகொண்டிருக்கிறது.

அதே நாள் இரவு

இன்னொருவர் திருத்தியிருக்கிறார்: தாம்சன் ரோட்டில் ஹாங்காங் ஓட்டுநர் ஆல்பர்ட் பூன் 1963இலும் 1965இலும் ஜெயித்தது “சிங்கப்பூர் கிராண்ட் பிரீ” இல்லையாம். பெயரளவில் அவர் சொல்வது சரி. 1961இல் முதல் பந்தயம் ஓரியண்ட் ஆண்டு கிராண்ட் பிரீ. 1962 முதல் 1965 வரை மலேசியன் கிராண்ட் பிரீ. 1966இலிருந்துதான் சிங்கப்பூர் கிராண்ட் பிரீ. அந்த முதல் சிங்கப்பூர் கிராண்ட் பிரீயில் லீ ஹான் செங் ஜெயித்ததும் லோட்டஸில்தான், மாடல் 22. பெயர் மாறினாலும் அதே அப்பர் தாம்சன் ரோடு, அதே 4.865 கிலோமீட்டர். பூன் ஓட்டியது லோட்டஸ் 23. இடையில் 1964இல் மக்காவ் கிராண்ட் பிரீயையும் 23இலேயே ஜெயித்தார்.

18 பிப்ரவரி

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று பலர் கேட்கிறீர்கள். எல்லோர் கண்ணும் வீல் மேல், ஸ்ட்ரைப் மேல், எக்சாஸ்ட் மேல். நான் பெட்ரோல் குழாயிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வேன்.

எலானின் உடம்பு முழுக்க ஃபைபர் கிளாஸ். தீப்பிடித்தால் மிச்சம் இருப்பது எஞ்சினும் நடுவில் ஓடும் இரும்பு சேசிஸும்தான். எலான் எரிந்த கதை எந்த ஊர் லோட்டஸ் ஆட்களைக் கேட்டாலும் கிடைக்கும். வெபர் கார்புரேட்டர் இரண்டும் ஹெட்டோடு இறுக்கமாக முடுக்கப்படுவதில்லை. நடுவில் ரப்பர் வளையம், போல்ட்டில் ஸ்பிரிங் வாஷர். எஞ்சின் அதிர்வு கார்புரேட்டருக்குப் போய் பெட்ரோலை நுரைக்க விடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. அதனால் கார்புரேட்டர் எப்போதும் லேசாக ஆடிக்கொண்டே இருக்கும். ஆடுகிற பொருளில் விறைத்துப்போன ரப்பர் ஹோஸ் மாட்டியிருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

அப்பர் தாம்சன் ரோடு சிவப்பு விளக்கில் ஒருநாள் பெட்ரோல் வாசம் வந்தது. ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்து, பானெட்டைத் திறந்தேன். முன் கார்புரேட்டரின் ஹோஸ் வாயில் ஒரு துளி தொங்கியது. விழுந்தது. மறுபடி ஒன்று ஊறிவந்தது. கிளிப்பில் குற்றமில்லை, ஹோஸின் உள்சுவர்தான் பிளந்திருந்தது. வாங்கி அதிக நாள் ஆகாத புது ஹோஸ். வெளியே பார்த்தால் பளபளவென்று இருக்கும்.

அதன்பின் எத்தனால் தாங்கும் தரமான ஹோஸ் மட்டும்தான். கிளிப் ஓரம் வழுவழுப்பாக இருக்கவேண்டும், ரப்பரை வெட்டக்கூடாது. ஹோஸின் மேல் தேதி எழுதிவிடுகிறேன். கை எட்டும் இடத்தில் தீயணைப்பான், பேட்டரிக்குத் தனி கட்-ஆஃப் சுவிட்ச். இந்த இரண்டும் பந்தயக் காரில் கட்டாயம் இருப்பவை. 26ஆரிடமிருந்து முதலில் எடுக்கவேண்டியவை இவைதான் என்பது என் கருத்து. யாரும் போட்டோ எடுக்கமாட்டார்கள், பரவாயில்லை.

19 பிப்ரவரி

தீயணைப்பானைப் பின்னால் டிக்கியில் வைக்கலாமா என்று ஒரு தம்பி. வேண்டாம் தம்பி. பெல்ட்டோடு உட்கார்ந்தபடியே கைக்கு எட்டவேண்டும்.

3 மார்ச்

26ஆரில் லோட்டஸ் என்னென்ன மாற்றியது என்று பட்டியல் கேட்டவருக்கு. உடம்பின் ஃபைபர் கிளாஸ் மெலிந்தது. மேலெழும் விளக்குகள் போய், கண்ணாடி போன்ற மூடிக்குள் நிலையான விளக்குகள் வந்தன. பின்சக்கர வளைவு அகன்றது, மெக்னீசியம் வீல் வந்தது. பிரேக் இரட்டைச் சர்க்யூட் ஆனது. சஸ்பென்ஷன் உறுதியானது, பின்பக்க ரப்பர் கப்ளிங்கின் இடத்தில் ஸ்ப்ளைன் தண்டு வந்தது. எஞ்சினை காஸ்வொர்த், பிஆர்எம் போன்ற பந்தய எஞ்சின் நிறுவனத்தார் கூர்தீட்டினார்கள். ரோட்டு எலான் தந்தது 105 குதிரைசக்தி, இது 140ஐத் தாண்டியது.

இதில் எதை எடுப்பது, எதை விடுவது? இரண்டு கேள்வி கேட்டுப் பார்க்கிறேன். ரோட்டில் இது காரை நல்லதாக்குமா? நாளைக்கு வேண்டாம் என்றால் கழற்றிவிட முடியுமா? இரண்டுக்கும் ஆம் என்றால் செய்கிறேன்.

இரட்டைச் சர்க்யூட் பிரேக் இரண்டிலும் தேறுகிறது. பழைய எலானில் ஒரே சர்க்யூட். ஒரு குழாய் உடைந்தால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். பிஐஇ விரைவுச்சாலையில் லாரிகளுக்கு நடுவே 700 கிலோகூட இல்லாத காரில் போகிறவனுக்கு இது அலங்காரம் இல்லை.

மெல்லிய உடம்பு தேறவில்லை. 1967இல் வார்த்த உடம்பைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது மெல்லிய உடம்பு மாட்டினால் கையில் இருப்பது எந்தக் கார்? சக்கர வளைவை வெட்டி அகலமாக்குவதும் அப்படியே. வெட்டினால் வெட்டியதுதான். ஒட்டலாம், ஆனால் சில வெயில் காலம் போனதும் பெயின்ட்டுக்கு அடியில் அந்த வெட்டுக்கோடு தெரிய ஆரம்பிக்கும்.

மெக்னீசியம் வீல் வேண்டவே வேண்டாம். நம் ஊர் ஈரத்துக்கும் கடல் காற்றுக்கும் மெக்னீசியம் அரித்துக்கொண்டே போகும். அதே வடிவில் அலுமினியத்தில் வார்த்தது கிடைக்கிறது, அதுவும் 13 அங்குலம்தான். அகலமும் அதிகம் வேண்டாம். எலானின் முன்பக்கத்தில் இருப்பது ட்ரையம்ஃப் ஹெரால்ட் என்ற சின்னக் கார் குடும்பத்து உதிரிப்பாகம். அகன்ற டயரின் பிடி முழுவதும் கடைசியில் அதன் தலையில்தான் விழும்.

3 மார்ச், பின்சேர்க்கை

எஞ்சின் மாற்றுவது பற்றிக் கேட்டவருக்கு: லாக் கார்டில் (வண்டியின் பதிவு விவரம்) எஞ்சின் நம்பர் இருக்கிறது, சேசிஸ் நம்பரும் இருக்கிறது. வேறு எஞ்சின் போடவேண்டுமென்றால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி முதலில், வேலை பிறகு. பட்டறையில் “அதெல்லாம் பார்த்துக்கலாம்” என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். எலானின் சேசிஸையே மாற்றுகிறவர்களும் உண்டு. லோட்டஸே பின்னாளில் கால்வனைஸ் செய்த சேசிஸை உதிரிப்பாகமாக விற்றது. மாற்றினாலும் பழைய நம்பர் தகட்டையும் வாங்கிய ரசீதையும் பத்திரமாக வையுங்கள். ஆணையத்திடம் கேட்டு, பதில் எழுத்தில் வரும்வரை பழைய சேசிஸை எடைக்குப் போடாதீர்கள்.

17 மார்ச்

இன்று வேலை ஒன்றும் இல்லை, கதைதான். லோட்டஸ் 23க்கு லே மான்ஸில் என்ன நடந்தது என்று கேட்டிருந்தார்கள்.

முதலில் ஜெர்மனியின் நூர்பர்கிரிங். மே 1962, 1000 கிலோமீட்டர் பந்தயம். மழை ஈரம். லோட்டஸ் அணியின் ஓட்டுநர் ஜிம் கிளார்க் கையில் 23, அதில் புத்தம்புதிய இரட்டை கேம் எஞ்சின், ஒன்றரை லிட்டர். எதிரே பெரிய எஞ்சின் ஃபெராரிகள், போர்ஷேக்கள். முதல் சுற்று முடிவில் கிளார்க் 27 விநாடி முன்னால்! பின்னர் எக்சாஸ்ட் கசிந்து புகை உள்ளே வர, கிளார்க் மயக்கத்தில் தடத்தை விட்டு வெளியேறினார். பந்தயம் போயிற்று. ஆனால் அந்த எஞ்சின் எப்படிப்பட்டது என்று அன்று எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

அடுத்த மாதம் பிரான்ஸில் லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயம். அங்கே பரிசோதனையில் ஒரு சிக்கல்: முன் வீலுக்கு நாலு போல்ட், பின் வீலுக்கு ஆறு. ஒரே ஸ்பேர் வீல் இரண்டுக்கும் பொருந்தாது என்றார்கள். லோட்டஸ்காரர்கள் அவசரமாகப் பின்பக்கத்தையும் நாலு போல்ட்டாக மாற்றினார்கள். ஆறு தேவைப்பட்ட இடத்தில் நாலு எப்படிப் பத்திரம் என்று கேட்டு மறுபடியும் தள்ளிவிட்டார்கள். லோட்டஸை நிறுவிய காலின் சாப்மன் அதற்குப் பிறகு தன் அணியை லே மான்ஸுக்குக் கொண்டுபோகவே இல்லை.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வரும். ஆனால் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வண்டியைக் கொண்டுபோகும்போது அந்தக் கதை நல்ல பாடமாகவும் இருக்கிறது. அங்கே பேசி ஜெயிக்கப் பார்க்காதீர்கள். போல்ட், விளக்கு, சத்தம் எல்லாவற்றையும் வீட்டிலேயே சரிபார்த்துவிட்டுப் போங்கள்.

6 ஏப்ரல்

வெயில். ஏப்ரலில் இதைத் தவிர எழுத வேறு என்ன இருக்கிறது.

இங்கிலாந்துக்காரர்கள் எழுதும் எலான் குறிப்புகளில் குளிர்கால உப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கும். நமக்கு உப்பு போட்ட சாலை இல்லை, ஆனால் வேறு கஷ்டம். நண்பகலில் சிம் லிம் டவர் பக்கம் நெரிசலில் மாட்டினால் தண்ணீர் வெப்பமானி முள் ஏற ஆரம்பிக்கும். எலானின் மூக்கு தாழ்வு, காற்று வாய் சின்னது. ஓடும்போது போதும், நிற்கும்போது போதாது.

முதலில் செய்யவேண்டியது காசில்லாத வேலை. ரேடியேட்டரைச் சுற்றியிருக்கும் சந்துகளை அடைப்பது. வாயில் நுழைந்த காற்று ரேடியேட்டர் வழியாகப் போகாமல் பக்கவாட்டில் தப்பித்துவிடுகிறது. ஃபோம் பட்டையையும் அலுமினியத் தகட்டையும் வைத்து அந்தத் தப்பும் வழியை அடைத்தேன், ஓடும்போது முள் இறங்கிவிட்டது. பிறகுதான் நல்ல மின்விசிறி, பிறகு அலுமினிய ரேடியேட்டர். சிலர் நேராகக் கடைசிப் படிக்குப் போய்க் காசைக் கொட்டிவிட்டு, சந்து அப்படியே இருப்பதால் பலனில்லை என்று புலம்புகிறார்கள்.

அடுத்தது வாட்டர் பம்ப். இந்த இரட்டை கேம் எஞ்சினில் பம்ப் டைமிங் கவரோடு சேர்ந்தது. பேரிங் போனால் பம்ப்பை மட்டும் கழற்ற முடியாது. மேலே ஹெட்டையும் கீழே சம்ப்பையும் (எண்ணெய்த் தொட்டி) பிரிக்கவேண்டும். அதனால் ஃபேன் பெல்ட்டை ஒருபோதும் அளவுக்கு மீறி இறுக்கக்கூடாது. பம்ப்பின் பேரிங்கைக் கொல்வது பெரும்பாலும் அந்த இறுக்கம்தான். எஞ்சினை எப்படியும் பிரிக்கிறீர்கள் என்றால், கார்ட்ரிட்ஜ் பம்ப் வைத்த புது முன்கவர் கிடைக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள். அடுத்த தடவை பம்ப் மட்டும் கழன்று வரும். வெளிப்பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. ஜிஎஸ்டி 9 சதவீதத்தையும் கப்பல் கூலியையும் சேர்த்தாலும், ஹெட்டை இன்னொரு முறை பிரிக்கும் கூலியை நினைத்தால் மலிவு.

7 ஏப்ரல்

“ஏசி போடலாமா?” வேண்டாம். கேட்டவர் உண்மையாகவே கேட்கிறார் என்று தெரிகிறது. எடை, மின்சாரம், சூடு மூன்றுமே கூடும். காலை ஏழு மணிக்கு ஓட்டுங்கள்.

28 ஏப்ரல்

மின்சாரம். ஃபைபர் கிளாஸில் கரண்ட் ஓடாது. இரும்புக் காரில் விளக்கை உடம்பில் திருகினால் எர்த் கிடைத்துவிடும். எலானில் ஒவ்வொரு விளக்குக்கும் எர்த் ஒயர் தனியாகப் போகவேண்டும். இடது இண்டிகேட்டர் போட்டால் பிரேக் விளக்கு மங்கலாகச் சிமிட்டுகிறதா? பல்பை மாற்றாதீர்கள், எர்த்தைப் பாருங்கள்.

எங்கள் பட்டறை ஃபோர்மேன் அங்கிள், சின் மிங் பட்டறைப் பகுதியில் வாழ்நாள் முழுக்க ஜப்பான் கார் பார்த்தவர். எலானைத் தொட்ட முதல் நாள் டெஸ்ட் லாம்பை உடம்பில் வைத்துவிட்டு, “பேட்டரி செத்துப்போச்சு” என்றார். நான் ஃபெண்டரைத் தட்டிக் காட்டினேன், டொக் டொக் என்று கேட்டது. சிரித்துவிட்டார். அன்றிலிருந்து நாங்கள் செய்தது: பின்பக்கத்தில் ஒரு பித்தளைப் பட்டை, முன்பக்கத்தில் ஒன்று. இரண்டையும் தடித்த ஒயரால் பேட்டரி எர்த்தோடு இணைத்தோம். எல்லா எர்த் ஒயரும் அந்தப் பட்டையில்தான் முடியும். பழுது வந்தால் தேடவேண்டிய இடம் இரண்டே இரண்டு. அங்கிளின் யோசனை அது. அதைவிடச் சிறந்த எலான் வயரிங் நான் பார்த்ததில்லை.

மேலெழும் விளக்குகளும் இங்கேயே வருகின்றன. அவை எழுவது வெற்றிடத்தில், எஞ்சின் உறிஞ்சும் காற்றில். அந்த வெற்றிடத்தைச் சேர்த்துவைக்கும் தொட்டி சேசிஸின் முன் குறுக்குச் சட்டமேதான். சட்டம் உள்ளே துருப்பிடித்து ஊசித்துளை விழுந்தால் விளக்கு மெல்ல இறங்கிவிடும். இரவில் ஓட்டும்போது இறங்கினால் விளையாட்டு இல்லை. 26ஆர் போல நிலையான விளக்கு வைத்துவிடலாமா என்று நானும் ஆசைப்பட்டேன். அதற்கு மூக்கை வெட்டவேண்டும். மார்ச் மூன்றாம் தேதி எழுதிய இரண்டாவது கேள்வியில் அது தோற்றுவிடுகிறது. மேலெழும் விளக்கு அப்படியே இருக்கிறது, குழாய்களை மட்டும் புதிதாக்கினேன்.

29 ஏப்ரல்

கதவில் வட்டமும் எண்ணும் ஒட்ட காந்தத் தாள் வாங்கியிருக்கிறாராம் ஒரு நண்பர். மேலே எழுதியதை மறுபடி படியுங்கள் நண்பரே. ஃபைபர் கிளாஸில் காந்தம் எப்படி ஒட்டும்? பசை குறைந்த வினைல் வாங்குங்கள். வெயிலில் நிறுத்திவைக்கும் முன் உரித்துவிடுங்கள், இல்லையென்றால் பெயின்ட்டில் வட்டம் பதிந்துவிடும்.

19 மே

பலர் கேட்டதால்: ஏன் எனக்கு இந்தக் கார்?

அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். பந்தய வார இறுதியில் நண்பர்களோடு சைக்கிளில் தாம்சன் ரோட்டுக்குப் போவார். டிக்கெட் வாங்கும் இடத்தில் இல்லை, புதருக்குள்ளே எங்கேயோ. கால்வாய் ஓரத்தில் நின்றுகொண்டு பார்த்தார்களாம். தடுப்பு என்று சொல்ல ஒன்றும் இல்லை, சில இடத்தில் மணல் மூட்டை. பஸ் ஸ்டாப்பும் விளக்குக் கம்பமும் அப்படியப்படியே. அப்பாவுக்குக் கார் பெயரெல்லாம் தெரியாது. “தரையோட தரையா ஒண்ணு போகும்டா, சத்தம் வர்றதுக்குள்ள கார் போயிடும்” என்பார். அது 23ஆ வேறு எதுவா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள நான் வளர்ந்து ஆளானபோது அவர் இல்லை. பந்தயமும் 1973ஓடு முடிந்துவிட்டது.

பழைய அப்பர் தாம்சன் ரோடு இன்னும் இருக்கிறது. ஸ்னேக்ஸ், டெவில்ஸ் பெண்ட் என்று ஓட்டுநர்கள் பெயர் வைத்த வளைவுகள் அங்கேதான். 2019இல் தாம்சன் இயற்கைப் பூங்கா திறந்தபோது சாலையை ஒற்றைத் தடமாக ஒடுக்கினார்கள். ராஃபிள்ஸ் பட்டை லங்கூர் குரங்குகள் மரத்துக்கு மரம் தாவவும், மற்ற விலங்குகள் கடக்கவும் வழி வேண்டும். இரவில் மூடிவிடுகிறார்கள். பந்தய ஆட்கள் சிலர் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அந்தக் குறை இல்லை. பந்தயம் நடத்திய சாலையில் பந்தயம் ஓட்டத்தான் வேண்டுமா? இரண்டாம் கியரில், நாற்பதுக்குள், டெவில்ஸ் பெண்ட்டை எடுத்துப் பாருங்கள். ஸ்டியரிங்கை நீங்கள் திருப்பியதாகவே தெரியாது, கார் முன்னமே திரும்பியிருக்கும். எலானின் சஸ்பென்ஷன் மென்மையானது, உடம்பு சாயும், ஆனால் நாலு டயரும் சாலையை விடாது. இந்தக் குணத்தை அனுபவிக்க வேகம் தேவையே இல்லை. முடித்துவிட்டு காசுவரினா ரோட்டில் பரோட்டா சாப்பிட்டு வந்தேன்.

அதனால்தான் கடினமான பந்தய ஸ்பிரிங் போடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். 26ஆருக்கு அது தேவைப்பட்டது, அதன் டயரும் தடமும் வேறு. ரோட்டில் கடின ஸ்பிரிங் போட்ட எலான் எலானே இல்லை. நல்ல ஷாக் அப்சார்பர், புது புஷ், சரியான அலைன்மென்ட். அவ்வளவுதான்.

2 ஜூன்

ரப்பர் கப்ளிங் பற்றி என் எண்ணம் மாறியிருக்கிறது. கொஞ்சம் விரிவாகவே எழுதவேண்டும்.

எலானின் பின் அச்சில் ஒவ்வொரு பக்கமும் இரண்டு ரோட்டோஃப்ளெக்ஸ் வளையங்கள். தடித்த ரப்பர், நடுவில் இரும்புக் கண்கள், பார்த்தால் பெரிய மெதுவடை போல இருக்கும். எஞ்சின் விசை இதன் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. கிளச்சை விட்டதும் ரப்பர் முறுக்கிக்கொள்ளும், பிறகு விடுவித்துக்கொள்ளும். புதிதாக ஓட்டுகிறவருக்குக் கார் குதிக்கும். பழகியவருக்குக் குதிக்காது, கால் தானே கற்றுக்கொள்ளும். இதுவும் எலானின் குணம்தானே, வைத்துக்கொள்வோம் என்றுதான் இருந்தேன்.

மனத்தை மாற்றியது ரப்பரின் வெட்டுமுகம். கழற்றியதை பெஞ்சில் வைத்துக் கண்ணருகே பார்த்தேன். இரும்புக் கண்ணைச் சுற்றி ரப்பர் மயிரிழை மயிரிழையாகப் பிளந்திருந்தது. விரலால் வளைத்தால் பிளவு வாய் திறக்கிறது, உள்ளே கறுப்புத் தூள். இந்தச் சூட்டில், இந்த நெரிசலில், நிமிடத்துக்கு ஒருமுறை முறுக்கும் தளர்த்தும் வேலை ரப்பருக்கு. ஒரு வளையம் வேகத்தில் அறுந்தால் தண்டு சுழன்று சேசிஸை அடிக்கும், பக்கத்தில் பிரேக் குழாய் ஓடுகிறது. இப்போது விற்கும் புது வளையங்களில் சில நன்றாக உழைக்கின்றன, சில உழைப்பதில்லை. வெளியே பார்த்துச் சொல்ல முடியவில்லை.

26ஆரில் லோட்டஸே இந்த இடத்தை மாற்றியது. காரணம் வேறு, பந்தய விசையைத் தாங்கவேண்டும். ஆனால் ட்ரிபியூட்டின் முழுப் பயனும் இங்கே கிடைக்கிறது: பந்தயக் காரின் யோசனை, ரோட்டுக்கு வேண்டிய பத்திரம், இரண்டும் ஒரே இடத்தில். சிவி ஜாயின்ட் (வளைந்தபடியே சுழலும் இரும்பு மூட்டு) வைத்த தண்டுகள் போட்டிருக்கிறேன். போல்ட் போட்டு மாட்டுவது, வெட்டு ஒட்டு எதுவும் இல்லை. ஒன்று கவனியுங்கள்: சக்கரம் முழுக்கத் தொங்கும்போது ஜாயின்ட்டின் கோணம் எல்லை மீறக்கூடாது. ரப்பர் வளையம் அந்தத் தொங்கலுக்கும் ஓரளவு தடையாக இருந்தது. அது போனதும் சக்கரம் இன்னும் கீழே இறங்கும். ஷாக் அப்சார்பரின் நீட்டத்தை அளந்துவிட்டுத்தான் தண்டை ஆர்டர் செய்யவேண்டும்.

பழைய வளையங்களும் தண்டுகளும் அலமாரியில் பேர் எழுதி இருக்கின்றன.

3 ஜூன்

“குணம் போயிடுச்சே அண்ணே” என்று ஒரு தம்பி வருத்தப்பட்டிருக்கிறார். முதல் கியரில் கொஞ்சம் போயிருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். மீதி எல்லாம் இருக்கிறது. சிராங்கூன் ரோட்டில் வெள்ளிக்கிழமை மாலை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள் தம்பி.

23 ஜூன்

ரோல் கேஜ் (கார் கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் இரும்புக் கூண்டு) பற்றிக் காரசாரமாக எழுதிவிட்டார்கள். முழு கேஜ் இல்லாமல் அது பந்தயக் காரே இல்லையாம்.

நாம் செய்வது பந்தயக் கார் இல்லை, ரோட்டில் ஓட்டும் கார். பந்தயத்தில் ஓட்டுபவர் தலையில் ஹெல்மெட் இருக்கும், உடம்பை ஹார்னஸ் சீட்டோடு கட்டியிருக்கும். ரோட்டில் ஹெல்மெட் இல்லை. எலானின் உள்ளே இடமும் இல்லை. கதவு மேலே ஓடும் இரும்புக் குழாய் காதிலிருந்து ஒரு சாண்கூட இருக்காது. சாதாரண இடியிலேயே மண்டை அதில் மோதும். சீட்டுக்குப் பின்னால் ஒற்றை வளைவு, சேசிஸோடு சரியாகப் பிணைத்தது, அடர்ந்த பேடிங் சுற்றியது. அதற்கு மேல் நான் போகமாட்டேன். அதையும் மாட்டும் முன் ஆணையத்திடமும் இன்சூரன்ஸிடமும் கேளுங்கள். தோளில் மூன்று புள்ளி ரீல் பெல்ட்.

மனைவியும் மகளும் உட்காரும் சீட் அது. அவர்கள் தலைக்குப் பக்கத்தில் இரும்பை வைத்துவிட்டு லோட்டஸுக்கு மரியாதை செலுத்துகிறேன் என்று என்னால் சொல்ல முடியாது.

14 ஜூலை

நிறம். இன்னும் முடிவாகவில்லை. பச்சையில் மஞ்சள் பட்டை என்றால் லோட்டஸ் அணியின் நிறம், எல்லோருக்கும் தெரியும். பூனின் காரைப் போலவே அடிக்கலாமே என்று கேட்கிறார்கள். எனக்கு அதில் மனமில்லை. அவர் ஓட்டியது 23, என்னுடையது எலான். அவர் கார் நிறத்தை இதன்மேல் பூசினால் பார்க்கிறவர்கள் இதுதான் அது என்று நினைப்பார்கள். எஸ்3இன் டிக்கி மூடியைப் பார்த்தாலே தெரிந்தவர்களுக்கு இது 1964 வண்டி இல்லை என்று புரிந்துவிடும். புரியட்டும். அதை மறைக்க ஃபைபர் கிளாஸ் வேலை செய்துதர ஒருவர் முன்வந்தார், வேண்டாம் என்றேன்.

கார் இப்போது இருக்கும் வெளிர் மஞ்சளும் எனக்குப் பிடித்துதான் இருக்கிறது. மகள் அதையே வைத்துக்கொள்ளச் சொல்கிறாள்.

11 ஆகஸ்ட்

கடைசியாக வந்த கேள்வி: கிளாசிக் திட்டத்தில் வருடத்துக்கு 45 நாள் மட்டும் ஓட்டுகிற காருக்கு இத்தனை செலவா? கார் வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழான சிஓஇ 2024இல் லட்சம் வெள்ளியைத் தாண்டிய ஊரில் இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. நான் அதைத் திருப்பிப் பார்க்கிறேன். நிற்கிற நாள் அதிகம் என்பதால்தான் பெட்ரோல் குழாயும் பிரேக் ஆயிலும் பேட்டரியும் கூடுதல் கவனம் கேட்கின்றன. ஓடாத காரில் ரப்பர் விறைக்கும், பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும், வெபரின் ஜெட்டில் பிசின் படியும். வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) கார்பார்க்கில் எஞ்சினைப் பிரித்துப் போட முடியாது, பட்டறையில் இடம் வாடகைக்கு எடுத்தாகவேண்டும். அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு இறங்குங்கள்.

விற்கும்போது என்ன சொல்வீர்கள் என்றும் கேட்டிருந்தார். ஒரு கோப்பு வைத்திருக்கிறேன். கழற்றிய ஒவ்வொரு பாகமும் எங்கே இருக்கிறது, மாட்டியது எது, எந்தத் தேதி, ரசீது, போட்டோ. முதல் பக்கத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில்: “இது 1967 எஸ்3 எலான். 26ஆர் அல்ல.” வாங்குகிறவர் அந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டபிறகுதான் சாவி கைமாறும். செய்கிற எல்லோரும் இப்படி ஒரு கோப்பு வையுங்கள். கையில் இருக்கும்போதே எழுதினால்தான் உண்டு, பிறகு எந்த போல்ட் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் நினைவிருக்காது.

பின் டிஃபரன்ஷியலில் எண்ணெய் கசிவு தெரிகிறது. சீலை ஆர்டர் செய்துவிட்டேன், வந்ததும் போட்டோவோடு எழுதுகிறேன்.